ஒட்ட வைக்கும் ஊசி

ஐவிஎஃப், அதாவது சோதனைக்குழாய் சிகிச்சையில், முதல் முறை கருப்பைக்குள் வைத்த கரு ஒட்டவில்லை என்று தெரிந்த அன்று நான் மருத்துவரிடம் கேட்டது இதுதான்: "அடுத்த தடவை ஒட்டுறதுக்கு ஏதாவது ஊசி இருக்கா டாக்டர்?"

அப்போது என் மனதில் இருந்த படம் சுவரொட்டி. கரு ஒரு காகிதம், கருப்பை ஒரு சுவர், நடுவில் பசை போதவில்லை. பசையைக் கூட்டினால் நின்றுவிடும். அந்த மருத்துவர் என் படத்தைத் திருத்தவில்லை. இரண்டாவது முறைக்கு அவர் எழுதிக்கொடுத்த சீட்டில் ஒன்பது மருந்துகள் இருந்தன. எண்ணிப் பார்த்து எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஒன்பது பேர் சேர்ந்து தள்ளினால் நகராத வண்டி உண்டா?

அந்த ஒன்பதில் எனக்கு உண்மையிலேயே தேவைப்பட்டவை இரண்டு. அதைப் புரிந்துகொள்ள ஒன்றரை வருடம் ஆனது.

முதலில் அந்த இரண்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன். மாதச் சுழற்சியின் முதல் பாதியில் ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்சுவரைத் தடிக்க வைக்கிறது. கருமுட்டை வெடித்து வெளிவந்த பிறகு புரொஜெஸ்டிரோன் வந்து, தடித்த அந்தச் சுவரைப் பதப்படுத்துகிறது. சுரப்பிகள் ஊறத் தொடங்கும், திசு மென்மையாகும், கருப்பையின் சின்னச் சின்னச் சுருக்கங்கள் அடங்கும். உழுது போட்ட மண்ணும் பதமான மண்ணும் ஒன்றல்ல, இல்லையா? ஈஸ்ட்ரோஜன் உழவு, புரொஜெஸ்டிரோன் பதம். பசை என்று இதில் எதுவும் கிடையாது.

பதத்துக்கு ஒரு பருவமும் உண்டு. இயற்கையாகக் கருத்தரிக்க முயன்ற பெண்களின் சிறுநீரைத் தினமும் சேகரித்து, கரு எந்த நாளில் பதிகிறது என்று கண்டுபிடித்த ஆய்வு ஒன்று 1999இல் அமெரிக்காவில் வெளியானது. வில்காக்ஸ் என்பவரும் அவர் குழுவும் செய்தது. நிலைத்த கர்ப்பங்களில் 84 சதவீதம், முட்டை வெளிவந்த எட்டாம், ஒன்பதாம், பத்தாம் நாள்களில் பதிந்தவை. பிந்திப் பிந்திப் பதிய, சீக்கிரமே கலைந்துபோகும் வாய்ப்பும் கூடிக்கொண்டே போனது. ஒன்பதாம் நாளுக்குள் பதிந்தவற்றில் 13 சதவீதம் கலைந்தன. பதினோராம் நாளுக்கும் பிறகு பதிந்தவற்றில் 82 சதவீதம். கதவு சில நாள்கள் மட்டும் திறந்திருக்கிறது, அப்புறம் மூடிக்கொள்கிறது. அந்தக் கதவின் கடிகாரத்தை ஓடவிடுவது புரொஜெஸ்டிரோன். உறைய வைத்த கருவை வைக்கும்போது எந்த நாளில், எந்த வேளையில் முதல் புரொஜெஸ்டிரோன் மருந்து என்று மருத்துவமனையில் அத்தனை கறாராகச் சொல்வது இதனால்தான். ஐந்து நாள் வளர்ந்த கரு (பிளாஸ்டோசிஸ்ட்) என்றால், சுவரும் ஏறக்குறைய ஐந்து நாள் புரொஜெஸ்டிரோன் வாங்கியிருக்க வேண்டும். இருவருக்கும் வயது பொருந்த வேண்டும், ஜாதகம் மாதிரி.

இதையெல்லாம் யார் கண்டுபிடித்தார்கள் என்று தேடியபோது முயல்களிடம் போய்ச் சேர்ந்தேன். 1929இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கார்னர், வில்லர்ட் ஆலன் என்ற இருவர், இணை சேர்ந்த முயல்களின் சினைப்பைகளை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். கருக்கள் பதியாமல் அழிந்தன. அடுத்து, சினைப்பைகளை எடுத்த முயல்களுக்குப் பன்றியின் சினைப்பையிலிருந்து எடுத்த ஒரு சாற்றை ஊசியாகப் போட்டார்கள். கருக்கள் பதிந்து வளர்ந்தன. முட்டை வெளிவந்த பிறகு அது இருந்த பை காலியாகிச் சும்மா கிடப்பதில்லை. மஞ்சளாக மாறி ஹார்மோன் சுரக்கத் தொடங்குகிறது. கார்பஸ் லூட்டியம் என்று அதற்குப் பெயர். லத்தீனில் மஞ்சள் உடல் என்று பொருள். அவர்கள் போட்ட சாறு அந்த மஞ்சள் உடலிலிருந்து எடுத்தது. அதற்குள் இருந்த பொருளை 1934இல் தூய்மையாகப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் புரொஜெஸ்டிரோன்.

சரி, இயற்கையே இதைச் சுரக்கும்போது ஐவிஎஃப் செய்துகொள்பவர்களுக்கு மட்டும் ஏன் வெளியிலிருந்து கொடுக்க வேண்டும்? 1978 ஜூலை 25 அன்று பிறந்த, உலகின் முதல் ஐவிஎஃப் குழந்தையான லூயிஸ் பிரவுன், ஊசி போட்டுத் தூண்டாத, இயல்பான சுழற்சியில் கிடைத்த ஒற்றை முட்டையிலிருந்து உருவானவர். அவருடைய தாய்க்குச் சொந்த மஞ்சள் உடல் இருந்தது. பின்னால் சிகிச்சை வளர வளர, ஒரே முறையில் பத்து, பதினைந்து முட்டைகள் எடுக்கத் தொடங்கினோம். அதற்குப் போடும் ஊசிகளாலும், அத்தனை முட்டைப்பைகள் ஒரே சமயத்தில் கொட்டும் ஹார்மோனாலும் மூளைக்கடியில் இருக்கும் பிட்யூட்டரி வாயடைத்துப் போகிறது. மஞ்சள் உடலைத் தட்டி எழுப்ப வேண்டிய எல்ஹெச் ஹார்மோன் வருவதில்லை. பத்து மஞ்சள் உடல்கள் இருந்தும் பத்தும் சீக்கிரமே சோர்ந்துவிடுகின்றன. ஆக, புரொஜெஸ்டிரோன் இங்கே கூடுதல் பலம் அல்ல. சிகிச்சை பிடுங்கிக்கொண்டதைச் சிகிச்சையே திருப்பிக் கொடுக்கிறது. இந்த ஒரு வரியை முதல் நாளே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

உறைய வைத்த கருவை ஹார்மோன் மாத்திரைகளால் தயாரித்த கருப்பையில் வைத்தால் சார்பு இன்னும் முழுமையானது. அங்கே முட்டையே வெளிவருவதில்லை, அதனால் மஞ்சள் உடலே இல்லை. நாம் போட்டுக்கொள்வதுதான் மொத்த இருப்பு. இப்படி ஒரு கர்ப்பம் நிற்குமா என்ற சந்தேகத்துக்கு 1984இல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகக் குழு பதில் சொன்னது. சினைப்பை செயலிழந்த ஒரு பெண்ணுக்கு, தானமாகக் கிடைத்த முட்டையில் உருவான கருவை வைத்து, வெளியிலிருந்து கொடுத்த இந்த இரண்டு ஹார்மோன்களை மட்டும் கொண்டே அந்தக் கர்ப்பத்தைக் காப்பாற்றினார்கள். இரண்டே இரண்டு. என் சீட்டில் ஒன்பது.

இரண்டாவது முறை என்னுடையதும் இந்த வகைதான். நாளுக்கு மூன்று ஈஸ்ட்ரோஜன் மாத்திரை, பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஸ்கேன். உட்சுவரின் தடிமன் 7 மில்லிமீட்டர் என்பதை ஏதோ தேர்ச்சி மதிப்பெண் போல எல்லோரும் பேசிக்கொள்வார்கள். என்னுடையது 7.4. காத்திருப்பு அறையில் பக்கத்தில் இருந்த அக்காவுக்கு 9.1 என்று கேட்டதும் எனக்குப் பொறாமை வந்தது. அவருக்கு அந்த முறை நிற்கவில்லை என்று பிறகு தெரிந்தது. மிக மெலிதாக இருந்தால் வாய்ப்பு குறைவு என்பது உண்மை. ஆனால் ஓர் அளவைத் தாண்டிய பின் தடிமன் கூடக் கூட வெற்றியும் கூடும் என்பது நாமாகப் போட்டுக்கொண்ட கணக்கு.

அப்புறம் புரொஜெஸ்டிரோன். பிறப்புறுப்பில் வைக்கும் மாத்திரை, காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து. கைப்பேசியில் மூன்று அலாரம். வைத்துவிட்டு அரை மணி நேரம் படுக்க வேண்டும், பிறகு எழுந்தால் பாதி வெளியே ஒழுகும். ஒழுகுவதைப் பார்த்து மருந்து வீணாகிறதே என்று நான் அழுதது உண்டு. ஒழுகுவது பெரும்பாலும் மருந்தைச் சுமந்து வந்த மெழுகுப் பொருள்தான் என்று செவிலியர் ஒருவர் சொல்லித் தேற்றினார். இப்படி வைப்பதில் ஒரு வசதி உண்டு: மருந்து பக்கத்தில் இருக்கும் கருப்பைக்கே நேராகப் போகிறது, ரத்தத்தில் அவ்வளவாகக் கலப்பதில்லை. நெடுநாள் இதையே காரணமாகச் சொல்லி, ரத்த அளவைப் பார்க்கத் தேவையில்லை என்றுதான் இருந்தார்கள். 2017இல் ஸ்பெயினில் இருந்து வந்த ஓர் ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்தது. முட்டைத் தானம் பெற்றவர்களில், கரு வைக்கும் நாளில் ரத்தத்தில் புரொஜெஸ்டிரோன் ஒரு மில்லிலிட்டருக்கு 9.2 நானோகிராமுக்குக் கீழே இருந்தவர்களிடம் கர்ப்பம் நிலைப்பது குறைவாக இருந்தது. அதற்குப் பிறகு பல இடங்களில் அளந்து பார்க்கத் தொடங்கினார்கள்.

எனக்கு அளந்தபோது 6.1. உடனே எண்ணெய் ஊசி சேர்ந்தது.

இந்த ஊசியைப் பற்றித் தனியாக ஒரு பதிவே எழுதலாம். புரொஜெஸ்டிரோன் தண்ணீரில் கரையாது, அதனால் எண்ணெயில் கரைத்து வருகிறது. கெட்டியாக இருக்கும், ஊசியும் நீளம், போடும் இடம் புட்டம். என் கணவர் இரவு ஒன்பது மணிக்குக் குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துச் சூடேற்றிக்கொண்டு, ஏதோ தியானத்தில் இருப்பவரைப் போல ஐந்து நிமிடம் உட்கார்ந்திருப்பார். முதல் நாள் அவர் கை நடுங்கியது. பத்தாம் நாள் என்னிடம் அலுவலகக் கதை பேசிக்கொண்டே போட்டு முடித்தார். இடது பக்கம் ஒரு நாள், வலது பக்கம் ஒரு நாள். எண்ணெய் உள்ளே கட்டிகட்டியாக நின்று, உட்கார்ந்தாலே வலிக்கும். தோலுக்கடியில் போடும் சிறிய ஊசியும் இப்போது இருக்கிறது. டைட்ரோஜெஸ்டிரோன் என்று வாயால் விழுங்கும் மாத்திரை ஒன்றும் இருக்கிறது. உறைய வைக்காத புதிய கருவை வைப்பவர்களிடம் அது பிறப்புறுப்பில் வைக்கும் மருந்துக்குச் சளைத்ததல்ல என்று 2017இல் ஆயிரம் பேருக்கு மேல் பங்கேற்ற சோதனை காட்டியது. ஒரு வேடிக்கை, இந்த மாத்திரையை விழுங்கிவிட்டு ரத்தத்தில் புரொஜெஸ்டிரோன் அளவு ஏறியிருக்கிறதா என்று பார்த்தால் ஏறியிருக்காது. அந்தச் சோதனைக்கு இந்த மூலக்கூறு கண்ணில் படுவதே இல்லை. இது தெரியாமல் அறிக்கையைப் பார்த்துப் பயப்படுபவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

ஆனால் ஊசி வலியைவிடக் கொடுமையானது வேறொன்று. கரு வைத்த பிறகு ரத்தப் பரிசோதனை வரைக்கும் உள்ள அந்த நாள்கள். மார்பு கனக்கிறது, தூக்கம் தூக்கமாக வருகிறது, வயிறு உப்புகிறது, காரணமில்லாமல் கண் கலங்குகிறது. கர்ப்பம்தான், வேறென்ன? புரொஜெஸ்டிரோன்தான், வேறென்ன? இரண்டுக்கும் ஒரே அறிகுறிகள். மாதவிலக்கும் வராது, ஏனென்றால் மருந்து அதைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறது. லேசாக ரத்தம் பட்டால் அது கரு பதிந்ததால் இருக்கலாம், தோற்றதால் இருக்கலாம், வெறுமனே மாத்திரை உரசியதால் இருக்கலாம். முப்பது வருடம் என்னோடு பேசிவந்த உடம்பு, அந்தப் பத்து நாளும் இன்னொருவரின் குரலில் பேசியது.

இரண்டாவது முறை, ரத்தத்தில் கர்ப்பத்தைக் காட்டும் ஹார்மோனான பீட்டா ஹெச்சிஜி 38 வந்தது. இரண்டு நாளில் இரட்டிப்பாக வேண்டியது 21 ஆனது. மருந்தை நிறுத்தச் சொன்னார்கள். பதிந்தது, நிற்கவில்லை.

மீதி ஏழு மருந்துகளுக்கு இப்போது வருகிறேன். ஸ்டீராய்டு, வளர்ச்சி ஹார்மோன், கரு வைப்பதற்கு முன் கருப்பைக்குள் செலுத்திய ஹெச்சிஜி, வைத்த பிறகு ஒரு தனி ஹார்மோன் ஊசி, தைராய்டு மாத்திரை, ஆஸ்பிரின், வைட்டமின்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் கேட்கச் சரியென்று படும் ஒரு விளக்கம் இருந்தது. ஸ்டீராய்டு எதற்கு? உங்கள் எதிர்ப்புச் சக்தி கருவை அந்நியன் என்று நினைத்துத் தாக்காமல் இருக்க. கேட்டதும் நான் தலையாட்டிவிட்டேன். கரு பாதி என் கணவருடையது, அப்படியென்றால் என் உடம்புக்கு அது அந்நியம்தானே! இந்த விளக்கத்தைச் சோதித்துப் பார்த்த பெரிய ஆய்வு 2023இல் சீனாவிலிருந்து வந்தது. திரும்பத் திரும்பக் கரு ஒட்டாத 715 பெண்கள். பாதிப் பேருக்கு பிரட்னிசோன், பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. குழந்தை பிறந்தது முதல் பிரிவில் 37.8 சதவீதம், இரண்டாவதில் 38.8. உதவவில்லை என்பதோடு முடியவில்லை. ஸ்டீராய்டு எடுத்தவர்களிடம் குறைப்பிரசவமும், என்னைப் போல பீட்டா ஏறி இறங்குவதும் அதிகமாகத் தெரிந்தன. என் விஷயத்திலும் அதுதான் காரணம் என்று சொல்ல வரவில்லை, அப்படிச் சொல்லவும் முடியாது. ஆனால் அதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை.

தைராய்டு மாத்திரையும் அப்படித்தான். தைராய்டு நிஜமாகவே குறைவாக இருந்தால் அதைச் சரிசெய்தே ஆக வேண்டும், அது வேறு கதை. எனக்கு அளவு சரியாக இருந்தது, தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பான்கள் மட்டும் இருந்தன. அப்படிப்பட்டவர்களுக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்த பிரிட்டிஷ் சோதனையில், 2019இல், குழந்தை பிறப்பு 37.4 சதவீதம், வெற்று மாத்திரைக்காரர்களிடம் 37.9. புரொஜெஸ்டிரோன் கதவு எனக்கு மட்டும் வேறு நேரத்தில் திறக்கிறதா என்று பார்க்க உட்சுவரைக் கிள்ளி எடுத்துச் செய்யும் மரபணுச் சோதனையையும் பரிந்துரைத்தார்கள். 2022இல் 767 பேரிடம் அதைப் பரிசோதித்தபோது, சோதனை சொன்ன நேரத்தில் கரு வைத்தவர்களுக்கு 58.5 சதவீதமும், வழக்கமான நேரத்தில் வைத்தவர்களுக்கு 61.9 சதவீதமும் குழந்தை பிறந்தது. வளர்ச்சி ஹார்மோன், கருப்பைக்குள் ஹெச்சிஜி ஆகியவற்றைப் பற்றி அங்கொன்றும் இங்கொன்றுமாக நல்ல செய்திகள் வந்திருக்கின்றன, எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று சொல்லும் அளவுக்கு வரவில்லை.

"கொடுத்துப் பார்ப்போம், கெடுதல் இல்லையே." இந்த வாக்கியத்தை நான் எத்தனை முறை கேட்டேன், எத்தனை முறை நானே சொன்னேன்! இதற்கு ஒரு பழைய பதில் இருக்கிறது, அதன் பெயர் டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால். சுருக்கமாக டிஇஎஸ். ஆய்வகத்தில் செய்த ஈஸ்ட்ரோஜன். கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி 1940களிலிருந்து கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். அதற்கும் கேட்க நன்றாக ஒரு விளக்கம் இருந்தது. 1953இல் சிகாகோவில் ஒழுங்கான சோதனை செய்து, பயனில்லை என்று அறிவித்தார்கள். ஆனாலும் கொடுப்பது நிற்கவில்லை. கொடுக்காமல் இருந்து கலைந்துவிட்டால்? அந்தப் பயம் இருபக்கமும் இருந்திருக்க வேண்டும். 1971இல், வயிற்றில் இருந்தபோது அந்த மருந்தைப் பெற்ற மகள்களுக்கு, அந்த வயதில் வரவே கூடாத ஓர் அரிய பிறப்புறுப்புப் புற்றுநோய் வருவதை ஹெர்ப்ஸ்ட் என்ற மருத்துவரும் அவர் சகாக்களும் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க அரசு எச்சரித்தது. பயனில்லை என்று தெரிந்ததற்கும் ஆபத்து என்று தெரிந்ததற்கும் நடுவே பதினெட்டு வருடங்கள். இன்றைய புரொஜெஸ்டிரோனும் அதுவும் ஒன்றல்ல, யாரும் குழப்பிக்கொள்ள வேண்டாம். மருத்துவர் சொல்லி எடுத்துக்கொண்டிருக்கும் மருந்தை இந்தப் பதிவைப் படித்து நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. குறிப்பாக மாத்திரைச் சுழற்சியில் இருப்பவர்கள் நிறுத்தினால் கர்ப்பமே போய்விடலாம்.

மூன்றாவது முறைக்கு வேறு மருத்துவரிடம் போனேன். பழைய சீட்டை நிதானமாகப் படித்துவிட்டு அவர் கேட்டார்: "இதெல்லாம் எதுக்குன்னு கேட்டீங்களா?"

"நான்தான் டாக்டர் இன்னும் ஏதாவது கொடுங்கன்னு கேட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. கரு ஒட்டாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் கருவுக்குள்ளேயே இருக்கிறது, குரோமோசோம் எண்ணிக்கை பிசகிய கருவை எந்த ஹார்மோனாலும் நிற்க வைக்க முடியாது என்றார். பிறகு, "உங்களுக்கு மாசாமாசம் முட்டை ஒழுங்கா வெடிக்குதே, அப்புறம் ஏன் அதை அணைச்சு வெச்சுட்டு மாத்திரையால எல்லாம் செய்யணும்?" என்று கேட்டார். இயல்பான சுழற்சியில், முட்டை வெடிக்கும் நாளைக் கணக்கிட்டு, உறைந்த கருவை வைப்பது அவர் திட்டம். மஞ்சள் உடல் உள்ளே இருக்கும். அது புரொஜெஸ்டிரோனை மட்டுமல்லாமல் ரத்த நாளங்களைத் தளர்த்தும் ரிலாக்சின் போன்றவற்றையும் சுரக்கும். மஞ்சள் உடல் இல்லாத கர்ப்பங்களில் ரத்த அழுத்தச் சிக்கல்கள் அதிகம் வருவதாக ஆய்வுகள் காட்டுவதையும் சொன்னார். சுழற்சி ஒழுங்காக இல்லாதவர்களுக்கு இது சரிப்படாது, அவர்களுக்கு மாத்திரைதான் வழி.

சீட்டில் இரவு வைக்கும் புரொஜெஸ்டிரோன் மட்டும் இருந்தது, கூடவே ஃபோலிக் அமிலம். அவ்வளவுதான். அந்தத் தாளைப் பார்த்து எனக்கு வந்தது நிம்மதி என்று எழுத ஆசை. வந்தது கோபம். இவ்வளவு தூரம் வந்த எனக்கு இவ்வளவுதானா என்று இருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கணவரிடம் சண்டை போட்டேன், பாவம், அவருக்கு அந்த முறை ஊசி போடும் வேலைகூட இல்லை.

பீட்டா 212 வந்தது. இரண்டு நாளில் 467. ஏழாவது வாரத்தில் இதயத் துடிப்பு.

பத்தாவது வாரம் புரொஜெஸ்டிரோனை நிறுத்தலாம் என்றார். எனக்குத் தெரிந்த விஷயம்தான். 1970களின் தொடக்கத்தில் ஆர்பாட் சாப்போ என்பவர் காட்டியது: ஏழாவது வாரத்துக்கு முன் மஞ்சள் உடலை எடுத்தால் கர்ப்பம் கலைந்துவிடுகிறது, ஒன்பதாவது வாரத்துக்குப் பின் எடுத்தால் நிற்கிறது. அதற்குள் நஞ்சுக்கொடி பொறுப்பை ஏற்றுக்கொண்டுவிடுகிறது. எனக்கோ மஞ்சள் உடலும் உள்ளேயே இருந்தது. வெளி மருந்துக்கு வேலையே இல்லை. இதையெல்லாம் படித்து, கணவருக்கும் அக்காவுக்கும் வகுப்பு எடுத்தவள் நான்.

அன்று இரவு பத்து மணிக்கு அலாரம் அடித்தது. பெட்டியில் மாத்திரை மிச்சம் இருந்தது. எடுத்து வைத்துக்கொண்டேன். மறுநாளும். கணவரிடம் சொல்லவில்லை.

அடுத்த ஸ்கேனில் எல்லாம் சரியாக இருந்தது. கிளம்பும்போது மனசு உறுத்த, மருத்துவரிடம் உண்மையைச் சொன்னேன்.

"எத்தனை நாள்?"

"நாலு."

அவர் ஏதோ எழுதிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்: "பரவாயில்லை. போன வாரம் வந்தவங்க பதினொரு நாள்."